சும்மா பாட்டில்

என் அத்தைக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், "தண்ணீர் பரிசோதனை" என்று சொல்லி நிறுத்திக்கொள்வோம். அது பொய் இல்லை. மீதி உண்மையைச் சாப்பிடும் நேரத்தில் சொல்ல முடியாது, அவ்வளவுதான். ஊரார் வயிற்றுக்குள் எந்த வைரஸ் நடமாடுகிறது என்று குழாய்த் தண்ணீரிலும் சாக்கடையிலும் மலத்திலும் தேடுவது அவள் வேலை. முப்பத்தோரு வருடமாக அதைத்தான் செய்கிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று அவள் சொல்வாள். அவளுடைய தம்பியான என் அப்பா அப்படிச் சொல்லமாட்டார்.

வாரத்தில் இரண்டு நாள் காலை ஆறு மணிக்கு ஆய்வகத்து ஜீப் எங்கள் கட்டடத்து வாசலுக்கு வந்துவிடும். ஊரே கழிப்பறைக்குப் போகிற நேரத்தில்தான் சாக்கடையில் விஷயம் இருக்கும் என்பது அத்தையின் கணக்கு. ஊரில் ஏழு இடத்தில் நிறுத்தி, ஓட்டுநர் தெருவோரத்து மூடியைக் கம்பியால் நெம்பித் திறப்பார். அத்தை கயிற்றில் கட்டிய பாட்டிலை இறக்கி, நிரம்பியதும் தூக்கி, துடைத்து, மூடி, எண் ஒட்டி, ஐஸ் பெட்டியில் வைப்பாள். பால் வாங்கப் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்றிப் போவார்கள். அத்தை அவர்களுக்கு வணக்கம் சொல்வாள்.

எங்காவது நிறையப் பேருக்கு ஒரே சமயத்தில் வாந்தி பேதி வந்தால், வீடு வீடாகப் போய்ச் சின்ன டப்பா கொடுத்து மல மாதிரி வாங்குவதும் அவள்தான். அரை ஸ்பூன் போதும் என்று சொல்லித்தான் கொடுப்பாள். ஆனால் நம் ஜனங்களுக்கு மனசு பெரிசு. ஒருவர் டப்பா போதவில்லை என்று காப்பித்தூள் ஜாடியில் கொண்டுவந்தார். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் டப்பாவின் மேல் தன் பெயரோடு இரண்டு பட்டங்களையும் சேர்த்து எழுதியிருந்தார். அத்தை எதற்கும் சிரித்ததில்லை. "நன்றிங்க, நாலு நாள்ல ரிசல்ட் வரும்" என்று வாங்கிக்கொள்வாள்.

ஒவ்வொரு முறை போகும்போதும் சாக்கடை பாட்டில்களோடு ஒரு பாட்டில் சுத்தமான தண்ணீரும் போய்வரும். ஆய்வகத்தில் காய்ச்சி வடித்த தண்ணீர். மற்ற பாட்டில்களைத் திறக்கும் இடத்தில் அதையும் திறந்து மூடி, திரும்பி வந்து மற்றவற்றைப் போலவே சோதிப்பார்கள். அதில் ஒன்றும் இருக்கக் கூடாது. இருந்தால், கை சுத்தமில்லை என்று பொருள். அன்றைய சோதனை மொத்தமும் குப்பைக்குப் போகும். ஆய்வகத்தில் மற்றவர்கள் அதற்கு 'பிளாங்க்' என்பார்கள். அத்தை 'சும்மா பாட்டில்' என்பாள். முப்பத்தோரு வருடத்தில் அவளுடைய சும்மா பாட்டில் ஒருமுறைகூட வாய் திறந்ததில்லை. அந்தப் பெருமைக்காகவே அவளைப் பிரிவுத் தலைவராக்கும் கோப்பு இயக்குநர் மேசைக்கு வந்திருந்தது. அடுத்த மாதம் கையெழுத்தாகும் என்றார்கள். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம்தான் என்பதால் அத்தை அந்த நாற்காலியில் ஒரு தடவை உட்கார்ந்தே பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

வீட்டிலும் அவள்தான் அதிகாரி. நான்கு மாடி, பதினாறு வீடு, எல்லோருக்கும் கீழே தரைக்குள் ஒரே தொட்டி. ஒருநாள் அம்மா தண்ணீரைக் காய்ச்சப் பாத்திரம் வைத்தாள்.

"எதுக்கு கேஸை வேஸ்ட் பண்றே? இந்தத் தண்ணிக்கு நான் கேரண்டி" என்றாள் அத்தை.

இந்தச் செய்தி அம்மா வழியாக மாடிப்படி இறங்கியதில், ஒரு வாரத்தில் பதினாறு வீட்டிலும் காய்ச்சுவதை நிறுத்திவிட்டார்கள். ஊர்த் தண்ணீருக்கே தீர்ப்புச் சொல்கிற அம்மாள் நம் கட்டடத்திலேயே இருக்கும்போது நமக்கென்ன என்று எல்லோருக்கும் ஒரு மிதப்பு. அத்தை கடைசியாகத் தொட்டித் தண்ணீரைச் சோதித்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அதை யாரும் கேட்கவில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, கீழே ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது, அத்தையின் பை நனைந்திருந்தது. முந்தின நாளே நிரப்பிக் கொண்டுவந்திருந்த சும்மா பாட்டில் மூடி சரியாக இறுகாமல் மொத்தமும் கொட்டிப்போயிருந்தது. ஆய்வகம் போய்த் திரும்பினால் ஒரு மணி நேரம் போகும். சாக்கடையின் நல்ல நேரம் தவறிவிடும். அத்தை சமையலறைக்குள் போனாள். வேறு பாட்டில் எடுத்து, எங்கள் குழாயைத் திறந்து, நிரப்பி, மூடி, எண் ஒட்டினாள். நான் என் ஐந்து மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அத்தை, அது வடிச்ச தண்ணியா இருக்கணும்னு சொல்வீங்களே?"

"நம்ம வீட்டுத் தண்ணி அதைவிட ஒண்ணும் மட்டமில்ல" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினாள்.

என் பையனுக்கு முந்தின இரவிலிருந்து வயிறு சரியில்லை. பல் முளைக்கிறது என்று சொன்னதும் அத்தைதான். அவனுக்குப் பால்பவுடர் கலக்க நாங்கள் தண்ணீரை வெதுவெதுப்பாக்குவதோடு சரி. வியாழக்கிழமை காலை அவன் அழுவதை நிறுத்திவிட்டான். அழுதபோது பயமாயில்லை, நிறுத்தியபோதுதான் அவனை ஜன்னல் பக்கம் தூக்கிப்போய்ப் பார்த்தேன். உதடு காய்ந்து, கண் உள்ளே போயிருந்தது. ஆஸ்பத்திரியில் உடனே டிரிப்ஸ் ஏற்றினார்கள்.

"தண்ணிய நல்லா காய்ச்சித்தானே குடுக்கறீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"எங்க அத்தை தண்ணி டெஸ்ட் பண்றவங்க டாக்டர்" என்றேன். அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அவரும் ஏமாந்தார் என்பதில் எனக்கு இன்றைக்கும் ஒரு சின்ன ஆறுதல்.

அதே வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஆய்வக இயந்திரத்தின் திரையில் சும்மா பாட்டிலின் கோடு மேலே ஏறியது. வாந்தி பேதி உண்டாக்கும் நோரோ வைரஸ். கூடவே மிளகாய் வைரஸ். இரண்டாவதால் மனிதர்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. அது மிளகாய்ச் செடியின் நோய். மிளகாய் தின்கிறவர்கள் வயிற்றுக்குள் சும்மா புகுந்து சும்மா வெளியே வரும். அதனாலேயே அது எந்தத் தண்ணீரில் இருக்கிறதோ அதில் மனிதக் கழிவு கலந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வார்கள்.

இயக்குநர் நல்ல மனிதர். திரையைப் பார்த்துவிட்டு வழியையும் அவரே காட்டினார்.

"மெஷினைச் சரிபார்க்க ஒரு டியூப்ல நோரோ வைப்போமே, அதுலேர்ந்து ஒரு சொட்டு தெறிச்சிருக்கும்மா. கையுறை மேல பழியைப் போட்டு எழுதிடலாம். திங்கட்கிழமை புதுசா ஆரம்பிங்க. உங்க கோப்புக்கு ஒண்ணும் ஆகாது."

அத்தை மற்ற ஏழு பாட்டிலின் கோடுகளையும் பார்த்தாள். அவர் சொன்னதற்குத் தலையாட்டினால் போதும். வீட்டுக்கு ஃபோன் செய்து, காய்ச்சிக் குடியுங்கள் என்று எங்களிடம் மட்டும் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று எழுத்தில் இல்லாவிட்டால் கட்டடத்துக் குழாயை மூட யாருக்கும் அதிகாரம் கிடையாது.

"அந்த டியூப்ல மிளகாய் வைரஸ் கிடையாது சார். மத்த ஏழு பாட்டில்ல நோரோவும் கிடையாது. இது தெறிச்சது இல்ல" என்றாள். "இது எங்க வீட்டுக் குழாய்த் தண்ணி. நான்தான் ரொப்பினேன்."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். "இதை எழுதிக் குடுத்தா நான் அந்தக் கோப்பைத் திருப்பி அனுப்பணும்மா."

"பேப்பர் குடுங்க சார்."

மூன்று வரியில் எழுதினாள். மதியம் கட்டடத்துக் குழாய் மூடப்பட்டது. தொட்டியை ஒட்டிப் போகும் கழிவுக் குழாயில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு விரிசல் என்று பிளம்பர் காட்டினார். நாற்காலிக்கு வேறொருவர் வந்தார். அத்தையை ஆறு மாதம் பாட்டில் கழுவும் அறையில் போட்டார்கள். என் பையன் நான்காம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டான். இதையெல்லாம் இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்ல வந்தது அன்றைக்குச் சாயங்காலத்தை.

அன்றைக்கு வேறு ஆள் இல்லை. டப்பாக்களும் படிவங்களும் எடுத்துக்கொண்டு அத்தையே கீழ்வீட்டிலிருந்து ஆரம்பித்து மேலே ஏறினாள். படிவத்தைப் பல வருடம் முன்பு தயாரித்தவளும் அவள்தான். அதில் ஒன்பதாவது கேள்வி: குடிநீரைக் காய்ச்சுகிறீர்களா? இல்லையென்றால் ஏன்? பதில் சொல்கிறவர் சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும் என்று கீழே ஒரு குறிப்பு. அதுவும் அவள் போட்டதுதான்.

கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்தாள். சாவி கையில் இருந்தும் மணி அடித்தாள். பையனுக்குத் துணி எடுத்துப்போக நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தேன். எனக்கு அவள் மேல் அடங்காத கோபம். முகத்தைப் பார்க்கக்கூடாது என்று பெட்டியையே பார்த்துக்கொண்டு துணியை மடித்தேன்.

அத்தை நாற்காலியில் உட்காராமல் நின்றபடி ஒவ்வொரு கேள்வியாக அம்மாவிடம் கேட்டாள். வீட்டில் எத்தனை பேர் என்றுகூடக் கேட்டாள். அம்மாவும் அவளைச் சேர்த்து எண்ணிச் சொன்னாள். ஒன்பதாவது கேள்வி வந்தது.

"தண்ணிய காய்ச்சறீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

அம்மா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். "மறந்துட்டோம்னு எழுதுங்க அண்ணி."

"மறந்தீங்களா?"

அத்தை என் பக்கம் திரும்பினாள். நான் தலையைத் தூக்காமலே சொன்னேன். "நீங்க கேரண்டின்னு சொன்னீங்க."

அவள் எழுதுகிற சத்தம் கேட்டது. அதிக நேரம் ஆகவில்லை, கை பழகியிருந்தது. மேசையில் மற்ற பதினைந்து படிவங்களும் இருந்தன. நான் ஒவ்வொன்றாகப் புரட்டினேன். ஒன்பதாவது கேள்விக்கு எதிரே எல்லாவற்றிலும் அவள் பெயர்தான் இருந்தது. அடியில், தகவல் சேகரித்தவர் என்ற இடத்திலும் அதே பெயரைக் கையெழுத்தாகப் போட்டிருந்தாள்.

பிறகு பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து என்னிடம் நீட்டினாள். அரை ஸ்பூன் போதும் என்று அவள் சொல்லவில்லை. பையன் பெயரை மட்டும் எழுதி ஒட்டியிருந்தாள்.