பத்தாவது அடைப்பு

எனக்கு அன்று காய்ச்சல் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை கேட்கிறவர்கள் எல்லோரும் "மலைக்காய்ச்சலில் உளறியிருப்பீர்கள் மேஸ்திரி" என்று ஒரு சிரிப்பு சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்தச் சுவரில் கை வைத்தவன் நான். என் பெயர் தாவூது. 1956 ஐப்பசியில், காரைக்காலில், என் சொந்த வீட்டில் நடந்தது இது.

பிரெஞ்சுக்காரன் காலத்தில் அரசலாற்றுக் கரை வேலைகளில் மேஸ்திரியாக இருந்தேன். அவன் போன பிறகு இங்கே வேலை குறைந்தது. பக்கத்து ஊரான நெரவி ஆட்கள் பதினோரு பேரைக் கூட்டிக்கொண்டு மேற்கே ஒரு மலைக்கு ரோடு போடப் போனேன். மலையின் பெயர் வேண்டாம். வருடா வருடம் மழையில் அடித்துக்கொண்டு போகிற ரோடு அது. இந்தத் தடவையாவது நிற்கிற மாதிரி போட வேண்டும் என்று ஓவர்சியர் கைலாசநாதன் ஒற்றைக்காலில் நின்றார். அளவு சரியா என்று ஜல்லியை வளையத்தில் விட்டுப் பார்ப்பார். சரிவை மட்டப்பலகை வைத்துப் பார்ப்பார். மலைப் பக்கம் கட்டிய தாங்குசுவரில், முழங்கால் உயரத்தில், இரண்டு முழத்துக்கு ஒன்றாகத் துளை போட்ட கல் வைக்கச் சொன்னார். மொத்தம் பத்து ஓட்டை.

அவர் சாமான் வாங்க டவுனுக்குப் போயிருந்த நாளில் மழை பிடித்தது. ஓட்டைகளில் செம்மண் கலங்கலாகத் தண்ணீர் வந்தது. கரையில் கலங்கல் தண்ணீர் கசிந்தால் அடுத்து உடைப்புதான். இது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். முத்தையனைக் கூப்பிட்டேன். ஆட்களில் அவன்தான் கெட்டிக்காரன்.

"அடைடா எல்லாத்தையும்."

"ஓவர்சியரய்யா, தண்ணி வடியத்தான் ஓட்டைன்னாங்களே மேஸ்திரி?"

"நெரவியில கரை கசிஞ்சா என்ன பண்ணுவே?"

"அடைப்பேன்."

"அப்ப அடை."

அங்கிருந்த செம்மண்ணைக் குழைத்துப் பத்தையும் அடைத்தான். ஓவர்சியர் திரும்பும் முன் நான் ஊருக்குக் கிளம்பிவிட்டேன். மகள் பத்ருன்னிசாவைப் பெண் பார்க்கப் புதன்கிழமை வருகிறார்கள். பஸ்ஸில் ஒரு மலைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பேச்சுவாக்கில் சொன்னார். "மலையில தண்ணிய மறிச்சா சுவரே வெடிச்சிரும்ங்க." அதன்பிறகு ஊர் வரும்வரை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. என் ஆட்கள் கொட்டகை போட்டிருந்தது அந்தச் சுவருக்கு அடியில்.

செவ்வாய்க்கிழமை தபாலாபீசுக்குப் போனேன். 'ஓட்டையைத் திற' என்று தந்தி எழுதினேன். தந்தி ஓவர்சியர் கைக்குத்தான் போகும். அடைத்தது யார் என்று கேட்பார். வேலை போகும். சம்பந்தம் பேசுகிற நேரத்தில் வேலை போனவன் என்று பெயர் வந்தால்? காகிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

அன்று மாலை. மஃரிப் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தேன். சைகோனிலிருந்து மாமனார் கொண்டுவந்த சுவர்க் கடிகாரத்தில் மணி 6.12.

டொக்... டொக்... டொக்.

வாசலிலிருந்து கொல்லை வரை போகும் நீளச் சுவரில் கேட்டது. அந்தப் பக்கம் வீடு இல்லை. காலி மனை. அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு சுற்றிப் போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. இன்னொன்றும் உறைத்தது. என் வீடு செங்கல் சுவர். கேட்டது கருங்கல்லில் சுத்தி விழுகிற சத்தம்.

உள்ளே வந்தேன். முழங்கால் உயரத்தில், உள்ளங்கை அளவுக்குச் சுவர் நனைந்திருந்தது. தொட்டேன். பனிக்கட்டி மாதிரி சில்லென்று இருந்தது. எங்கள் ஊர்ச் சுவர் கசிந்தால் உப்புக் கரிக்கும். விரலை நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

உப்பு இல்லை.

6.40. சத்தம் நகர்ந்தது. அங்கேயும் ஒரு ஈரம். பிறகு இன்னொன்று. கையால் அளந்தேன். இரண்டு முழம்... இரண்டு முழம்... இரண்டு முழம்...

எண்ணினேன். பத்து.

ஈரம் சிவப்பாக மாறிக்கொண்டிருந்தது.

7.05. கடப்பாரையை எடுத்தேன். முதல் ஈரத்தில் ஓங்கிக் குத்தினேன். செம்மண் தண்ணீர் ஒரு சாண் தூரம் பீறிட்டது. உடனே நின்றது. அந்த இடத்தில் சத்தமும் நின்றது.

இரண்டாவது. மூன்றாவது. நான்காவது...

என் மனைவி கமர் நிஷா ஓடி வந்தாள்.

"யா அல்லா! என்னங்க பண்றீங்க? நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றாங்க!"

நான் நிற்கவில்லை. ஏழு. எட்டு. ஒன்பது.

பத்தாவதற்கு ஓங்கினேன். அவள் கடப்பாரையைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அழுதாள். பத்ருன்னிசாவும் அழுதாள்.

"நம்ம புள்ள வாழ்க்கைங்க..."

கடப்பாரையை விட்டுவிட்டேன். மணி 7.40.

எங்கோ தூரத்தில், மண் இறங்குகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு ஒன்றும் இல்லை.

காலையில் பார்த்தால் ஒன்பது ஓட்டையும் காய்ந்து கிடந்தன. பாயைத் தொங்கவிட்டு மறைத்தோம். பத்தாவது இடம் மட்டும் தானாகவே உதிர்ந்து சின்னத் துளையாகியிருந்தது. அதிலிருந்து குளிர்ந்த காற்று வந்தது. உள்ளே இருந்து...

டொக்... டொக்... டொக்.

"இத மட்டுமாவது அடைங்க, மானம் போவுது" என்றாள் கமர் நிஷா.

ஒன்பது மணிக்கு வயல் களிமண் கொண்டுவந்தேன். வைக்கோலைப் பிய்த்துப் போட்டுக் குழைத்தேன். துளையில் இறுக்கி அறைந்தேன். மேலே சுண்ணாம்பு பூசினேன். சத்தம் நிற்கவில்லை. அமுங்கிக் கேட்டது. பெண் பார்க்க வந்த அம்மாள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்.

"என்ன சத்தம் அது?"

"எலிங்க" என்றேன்.

இரவெல்லாம் கேட்டது. மூன்று தட்டு. இடைவெளி. மூன்று தட்டு. விடிந்தபோது இரண்டாகிவிட்டது. பிறகு ஒன்று.

வியாழக்கிழமை 12.35. லுஹர் பாங்கு முடிந்த சமயம் சத்தம் அடியோடு நின்றது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அல்லா என்னை மன்னிக்கட்டும், நிம்மதியாகத்தான் இருந்தது.

சம்பந்தம் முடிவாயிற்று. வெள்ளிக்கிழமை கிளம்பி, சனிக்கிழமை காலை மலை போய்ச் சேர்ந்தேன்.

சுவர் நின்றது. கடைசிப் பகுதி மட்டும் வெடித்துச் சரிந்து கிடந்தது. ஆட்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். செவ்வாய்க்கிழமை வரை ஓவர்சியர் டவுனிலிருந்து திரும்பவில்லையாம். செவ்வாய் மாலை ஏழு மணிக்கு மேல், ஒன்பது ஓட்டையின் அடைப்பும் ஒவ்வொன்றாகத் தானே தெறித்து விழுந்ததாம். தண்ணீர் பீறிட்டதாம். பயந்துபோய்க் கொட்டகையை விட்டு எல்லோரும் ஓடினார்கள். அதனால் பிழைத்தார்கள். ஆறு மணிவாக்கில் சுவரைத் தட்டியது யார் என்று கேட்டேன். யாரும் தட்டவில்லை என்றார்கள்.

முத்தையன் மட்டும் ஓடவில்லை. பத்தாவது அடைப்பு தெறிக்கவில்லை என்று பார்த்திருக்கிறான். "நான் அடைச்சது, நானே தொறந்துட்டு வர்றேன்" என்று சுத்தியோடு போயிருக்கிறான். 7.40க்குச் சுவர் அவன்மேல் வந்தது. உடனே செத்திருப்பான் என்று நினைத்தார்கள். மேலிருந்து மண் இறங்கிக்கொண்டே இருந்ததால் சனிக்கிழமைதான் தோண்ட முடிந்தது.

நான் நிற்கும்போதுதான் எடுத்தார்கள். கற்கள் ஒன்றோடொன்று சாய்ந்து, ஒரு ஆள் குந்தும் அளவுக்கு இடம் விட்டிருந்தன. அவன் மேல் ஒரு காயம்கூட இல்லை. கையில் சுத்தி. எதிர்க் கல்லில் தட்டித் தட்டி வெள்ளையாகப் பள்ளம் விழுந்திருந்தது. டாக்டர் பார்த்தார். செத்து இரண்டு நாள்தான் ஆகிறது, காற்று இல்லாமல் செத்திருக்கிறான் என்றார்.

அவன் முகத்துக்கு நேரே கிடந்தது பத்தாவது ஓட்டைக் கல். காற்று வர அது ஒன்றுதான் வழி.

ஓவர்சியர் அந்த ஓட்டைக்குள் விரலை விட்டு, உள்ளே இருந்ததைத் தோண்டி எடுத்தார். உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினார். செம்மண் இல்லை. கறுப்புக் களிமண். வைக்கோல் துணுக்கு ஒட்டியிருந்தது. மேலே சுண்ணாம்பு, இன்னும் ஈரமாக.

"இந்த மலையில இந்த மண்ணு எங்கய்யா கெடைக்குது, மேஸ்திரி?" என்று கேட்டார்.

தெரியாது என்று சொல்லிவிட்டேன்.