படகில் மிச்சமிருந்த ஓர் இடம்

என் ஓரகத்தியைக் கடலுக்கு அனுப்பி வைத்தவள் நான்தான் என்று எங்கள் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அனுப்பி வைப்பதற்கு நான் என்ன தபால் ஆபீஸா? போகவேண்டியவளே நான்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில் பீன்யாவில் ஒரு ஃபைபர் கிளாஸ் பட்டறையில் ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் பம்பர், தண்ணீர்த் தொட்டி, டெலிபோன் பூத்துக்குக் கூரை, இதெல்லாம்தான் அங்கே செய்வார்கள். ஒருநாள் கடற்படையில் ஓய்வுபெற்ற ஒருவர் வந்து, கடலில் போகிற பாய்மரப் படகு ஒன்று செய்துதர முடியுமா என்று கேட்டார். முதலாளி என்னைப் பார்த்தார், நான் முதலாளியைப் பார்த்தேன். பெங்களூரில் வந்து கடல் படகு கேட்கிறாரே, ஆள் தெளிவாகத்தான் இருக்கிறாரா என்று இருவருக்குமே சந்தேகம். ஆனால் தெளிவாகத்தான் இருந்தார். கொச்சியிலிருந்து மஸ்கட் வரை பாய்மரப் படகுகள் கூட்டமாகக் கிளம்பி அரபிக்கடலைத் தாண்டுமாம். ராலி என்று அதற்குப் பெயராம். ஜனவரிக்குள் படகு தயாராக வேண்டும் என்றார். அவரைக் கேப்டன் என்றே எல்லோரும் கூப்பிட ஆரம்பித்தோம். ஹாசன் பக்கத்துக்காரர், தமிழ் நன்றாகவே பேசுவார்.

அச்சிலிருந்து படகின் உடம்பை வெளியே எடுத்த அன்றைக்கு அதைத் தடவிப் பார்த்தேன், அவ்வளவுதான். கணக்குப் பார்க்க உட்கார்ந்தாலும் காதெல்லாம் பட்டறைப் பக்கமே இருந்தது. என் கிறுக்கைப் பார்த்துவிட்டுக் கேப்டன் ஞாயிற்றுக்கிழமைகளில் அல்சூர் ஏரிக்கு வரச் சொன்னார். அங்கே சின்னப் பாய்மரப் படகில் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று கன்னத்தில் உணரவே எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது. ஆனால் கற்றுக்கொண்டேன். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்குத் தேறினேன்.

ஒருநாள் அவர் சொன்னார்: "படகுல நாலு பேர்தாம்மா. ஆபத்துன்னா ஏறிக்கிற ரப்பர் படகும் நாலு பேருக்குத்தான். நான், என் பழைய நேவி சிநேகிதர், இங்க ஏரிக்கு வர்ற அந்தப் பல் டாக்டர், மூணு பேர் ஆச்சு. நாலாவது இடம் காலியா இருக்கு. நீங்க நல்லா கத்துக்கிட்டா பார்க்கலாம்."

பார்க்கலாம் என்றுதான் சொன்னார். நான் அன்றைக்கே மஸ்கட் போய் இறங்கிவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் என் கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆகி ஓரகத்தி எங்கள் விவேக் நகர் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். கரூர்ப் பக்கத்துப் பெண். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கடலைப் போட்டோவில்தான் பார்த்திருக்கிறாள். அத்தை, நான், என் வீட்டுக்காரர், அவர்கள் இருவர் எல்லோரும் ஒரே வீடு. வாய் சும்மா இருக்காமல், அவளிடம் என் பெருமையைக் காட்டிக்கொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். என்னை யார் போகச் சொன்னது? சனியனைத் தூக்கிப் பனியனுக்குள் விட்டுக்கொண்டேன்.

அன்றைக்குக் கேப்டன் வரவில்லை. சுக்கானை அவள் கையில் கொடுத்து நானே சொல்லிக்கொடுத்தேன். "முன்னாடியே பாத்துக்கிட்டு இருக்காதே. அப்பப்ப திரும்பிப் பின்னாடி தண்ணியில விழற கோட்டைப் பாரு. கோடு நேரா இருந்தா நீ நேரா போறேன்னு அர்த்தம்."

"சரிங்கக்கா," என்றாள். திரும்பிப் பார்த்தேன். கோடு நேராக இருந்தது. எனக்கு ஒரு மழைக்காலம் ஆனது அவளுக்கு ஒரு காலை நேரத்தில் வந்துவிட்டது. "ஐயோ, சூப்பரா இருக்குதுங்கக்கா!" என்று வேறு கத்தினாள். கன்னத்தில் ஒன்று விடலாம் போலிருந்தது.

கடலில் ஆள் விழுந்தால் எப்படித் திரும்பி எடுப்பது என்று பழக, கேப்டன் ஒரு மட்டைத் தேங்காயைத் தண்ணீரில் வீசுவார். தேங்காய்தான் விழுந்த ஆள். நான் வட்டமடித்து வந்து சேர்வதற்குள் அது பாசிக்குள் போய்விடும். இவள் பக்கவாட்டில் அலுங்காமல் வந்து, குனிந்து, கடையில் பொறுக்கி எடுப்பதுபோல எடுத்துக்கொண்டு போவாள். பல் டாக்டர் கை தட்டுவார். ஒருநாள் அந்தத் தேங்காயை வீட்டுக்குக் கொண்டுவந்து உடைத்துச் சட்னி அரைத்துவிட்டேன். அடுத்த வாரம் கேப்டன் வேறு தேங்காய் வாங்கிவந்தார்.

கடைசியில் அவர் வாயிலிருந்து அது வந்தேவிட்டது. "நாலாவது இடம் உங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்குத்தான்மா. கொச்சியில கடல்ல ஓட்டிப் பார்த்துச் சொல்றேன்."

வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டின்போது இதைச் சொன்னதும் என் வீட்டுக்காரர், "யாராவது ஒருத்தி போங்கம்மா, வீடு கொஞ்ச நாள் அமைதியா இருக்கும்," என்றார். கொழுந்தன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு பேருக்கும் அப்போது குழந்தை இல்லாததால், போகாதே என்று தடுக்கவும் அத்தைக்குக் காரணம் கிடைக்கவில்லை.

படகுக்கு வேண்டிய சாப்பாட்டுச் சாமான் பொறுப்பு முழுக்க என் தலையில். புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, தக்காளித் தொக்கு என்று விரல் வெந்துபோக நான் கிண்டினேன். அரிசியையும் பருப்பையும் காலி தண்ணீர் பாட்டில்களில் புனல் வைத்து நிரப்பினேன், அப்போதுதான் ஈரம் ஏறாது. டின்களில் ஒட்டியிருந்த காகிதத்தையெல்லாம் ஊறவைத்துக் கிழித்துவிட்டு மேலே பெயின்டில் பெயர் எழுதினேன். அந்தக் காகிதம் நனைந்து உரிந்து தண்ணீர் இறைக்கிற பம்ப்பில் போய் அடைத்துக்கொள்ளுமாம். இவள் பக்கத்தில் உட்கார்ந்து பாவாடை நாடாவில் முடிச்சுப் போட்டுப் பழகிக்கொண்டிருப்பாள். ஒற்றைக் கையால், கண்ணை மூடிக்கொண்டு. நான் கிண்டின தொக்கை இவள் நடுக்கடலில் தொட்டுக்கொண்டு சாப்பிடுவாளோ என்று நினைத்தாலே வயிறு எரிந்தது. ஒரு தடவை உப்பைக் கூடப் போடலாமா என்று கை போய்விட்டு வந்தது. நானே போனால் நானே அல்லவா சாப்பிடவேண்டும்?

ஆயுத பூஜை வந்தது. பீன்யாவில் அன்றைக்கு எந்தப் பட்டறையைப் பார்த்தாலும் வாழைக்கன்று, பொரி, ரோட்டில் உடைத்த பூசணிக்காய். படகுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். அத்தை ஒரு பிள்ளையாரோடு வந்தார். கார் டேஷ்போர்டில் வைப்பார்களே, அடியில் காந்தம் வைத்த குட்டிப் பிள்ளையார்.

"இது ஃபைபர் அத்தை, காந்தம் ஒட்டாது," என்றேன்.

"அப்ப டேப் போட்டு ஒட்டு. ஸ்டியரிங்குக்கு நேரா இருக்கணும்."

வெளியே வைத்தால் உப்புத் தண்ணீர் அடிக்கும் என்று, சுக்கான் பிடிப்பவருக்கு எதிரே இருக்கிற சுவரின் உட்பக்கம், படகின் அறைக்குள், இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பால் ஒட்டினோம். கேப்டனும் கும்பிட்டுக்கொண்டார். அத்தை கற்பூரம் ஏற்றப்போக, ஐயையோ பட்டறை முழுக்கத் தீப்பிடிக்கிற சாமான் என்று முதலாளி ஓடிவந்து தடுத்தார். அத்தை வெறுங்கையைக் கூப்பிக்கொண்டு, "பிள்ளையாரப்பா, எங்க சின்னவளைப் பத்திரமா கூட்டிக்கிட்டுப் போய்க் கூட்டிக்கிட்டு வா," என்றார்.

சின்னவளை! கொச்சியே இன்னும் வரவில்லை. அதற்குள் அத்தைக்கு முடிவு தெரிந்துவிட்டது. பக்கத்தில் நான் ஒருத்தி நின்றுகொண்டிருக்கிறேனே.

அதற்கப்புறம்தான் வெளிநாட்டிலிருந்து திசைகாட்டி வந்தது. சுக்கான் பிடிப்பவர் பார்க்கிற மாதிரி அதே சுவரின் வெளிப்பக்கம் பொருத்தினார்கள். உள்ளே பிள்ளையார், வெளியே திசைகாட்டி, நடுவில் ஒரு சுவர். எங்கள் யார் புத்தியிலும் எதுவும் உறைக்கவில்லை. பெங்களூரில் ஆட்டோவிலிருந்து லாரி வரைக்கும் சாமி இல்லாத வண்டி ஏது?

படகு லாரியில் ஏறிக் கொச்சிக்குப் போனது. நாங்களும் ரயிலில் போனோம். நான் முன்னாலேயே கடலைப் பார்த்திருந்தாலும், அதன்மேல் போனது அன்றைக்குத்தான். அலை தூக்கித் தூக்கி வைத்தது. எனக்குக் குமட்டவில்லை, அவளுக்கும் குமட்டவில்லை. பல் டாக்டர்தான் வாளியும் கையுமாக இருந்தார்.

முதலில் அவளை ஓட்டச் சொன்னார் கேப்டன். இடத்தைக் காட்டுகிற ஜிபிஎஸ் கருவியைத் தன் கையில் மறைத்து வைத்துக்கொண்டார். "திசைகாட்டியை மட்டும் பாருங்க. நேர் மேற்கே போகணும்."

நான் கீழே அறைக்குள் டீ போட்டுக்கொண்டிருந்தேன். ஆடுகிற அடுப்பில் துப்பட்டா பட்டுவிடப் போகிறதே என்று கழற்றி, அதில் குத்தியிருந்த ஊக்கைத் தட்டில் வைத்தேன். மேலே கேப்டன் குரல் ஏறியது.

"மேற்கேன்னு சொன்னா தெற்கே இழுக்கிறீங்களே!"

"இல்லைங்க சார், மேற்கேதான் காட்டுதுங்க."

"மறுபடியும் பாருங்க. ஐயோ, மறுபடியும் தெற்கே."

சத்தியமாகச் சொல்கிறேன், வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. தேங்காயெல்லாம் எடுத்தாயே, இப்போது எடு பார்க்கலாம்! டீயை வடிகட்டிவிட்டு ஊக்கை எடுக்கப்போனேன். தட்டில் இல்லை. பிள்ளையாரின் காலடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஊக்கைப் பார்த்தேன். பிள்ளையாரைப் பார்த்தேன். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அப்போதுதான் மண்டையில் ஏறியது. காந்தம் ஒட்டாது என்று பட்டறையில் சொன்னவளே நான்தான். அவள் ஒழுங்காகத்தான் ஓட்டுகிறாள். முள்தான் பொய் சொல்கிறது.

கேப்டன் சொல்வது கேட்டது. "சரி, விடுங்க. இந்தக் கை கடலுக்கு ஆகாது. பெரிய மேடமையே கூட்டிக்கிட்டுப் போறேன்."

கேட்டுவிட்டேன். என் காதாலேயே கேட்டுவிட்டேன். பெரிய மேடம் நான். டீ ஆறிக்கொண்டிருந்தது. பிள்ளையாரைச் சத்தம் போடாமல் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டால் முள் சரியாகிவிடும், என் முறை வரும்போது நான் நேராக ஓட்டுவேன், கதை முடிந்தது. கை டேப்பை உரிக்கவும் தொடங்கிவிட்டது.

அதோடு அந்த மனுஷர் வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. "உங்க மேல தப்பில்லைம்மா. ஏரியில யார் சொல்லிக்கொடுத்தாங்களோ, கோணலா சொல்லிக்கொடுத்திருக்காங்க."

எனக்கு வந்ததே கோபம்! கோணலா? நானா? பிள்ளையாரைப் பிடுங்கிக்கொண்டு படியேறினேன்.

"சார், சொல்லிக்கொடுத்தவ நான். திரும்பிப் பின்னாடி கோட்டைப் பாருங்க. எவ்வளவு நேரா இருக்கு! கோணல் அவ கையில இல்லை, உங்க திசைகாட்டியில இருக்கு," என்று பிள்ளையாரைத் திசைகாட்டியின் முன்னால் இப்படியும் அப்படியும் ஆட்டினேன். முள்ளும் பிள்ளையார் பின்னாலேயே இப்படியும் அப்படியும் ஆடியது.

வாளிக்குள்ளிருந்து பல் டாக்டர்தான் முதலில் சிரித்தார். கேப்டன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "நானும் கும்பிட்டேனே இவரை!"

பிள்ளையாரை அந்தக் கோடிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு மறுபடியும் ஓட்டச் சொன்னார்கள். நானும் ஓட்டினேன், மோசமில்லை. அவள் ஓட்டினாள். பின்னால் தண்ணீரில் விழுந்த கோட்டை எல்லோரும் பார்த்தோம். அதற்குமேல் யாரும் எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை. எனக்கும் கண் இருக்கிறதே.

கரைக்கு வந்ததும் கேப்டன் என்னிடம், "பெரிய மனசும்மா உங்களுக்கு," என்றார். மனசாவது மண்ணாங்கட்டியாவது.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நீங்க போங்க. நான் சொல்லிக்கறேன் அவருகிட்ட. உங்களாலதானே எல்லாமே."

"எனக்குப் பிச்சை போடறியா? பேசாமப் போய் டின்னையெல்லாம் அடுக்கு. கனமானது அடியில," என்று கையை உதறிக்கொண்டேன். அவள் கண் கலங்கியது. அப்போதுகூட எனக்கு இரக்கம் வரவில்லை. ஜெயித்தவளுக்கு அழுகை வேறு கேடா என்றுதான் தோன்றியது.

கிளம்பின அன்று பாய் விரித்ததை நான் பார்க்கவில்லை. முதல்நாளே ரயிலேறி வந்துவிட்டேன். பிள்ளையாரும் என்னோடு பெங்களூருக்கு வந்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிக்கொண்டார். அத்தை தினம் அவரிடம் சின்னவளைப் பற்றி விசாரிப்பார். எனக்குப் பால் எடுக்கவும் கதவைத் திறக்கப் பிடிக்காது.

ஒரு காலையில் மஸ்கட்டிலிருந்து போன் வந்தது. நான்தான் எடுத்தேன். கொழுந்தனைக் கூப்பிடப் போனேன்.

"இருங்கக்கா, உங்ககிட்டத்தான் பேசணும். ஒரு நாள் பூரா மேகம், கரையும் இல்லை, ஒண்ணும் இல்லை. பயமா இருந்துச்சு. நீங்க சொன்ன மாதிரியே திரும்பித் திரும்பிப் பின்னாடி கோட்டைப் பாத்துக்கிட்டே வந்தேனுங்க. நேரா வந்துட்டோம். அப்புறம் உங்க தொக்கு காலி. கேப்டன் டின்னை வழிச்சு நக்குறார்."

"சரி, வை. காசு ஏறப்போகுது," என்றேன்.

"என்ன சொல்றா?" என்று அத்தை கூடத்திலிருந்து கேட்டார்.

"நல்லபடியா போய்ச் சேர்ந்துட்டாளாம்."

சமையலறைக்குள் போனேன். என் கோடு. என் தொக்கு. நான் மட்டும் இங்கே. அழுகிற சத்தம் கூடத்துக்குக் கேட்கக் கூடாதென்று மிக்ஸியைப் போட்டேன். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது.

அத்தை எட்டிப் பார்த்தார்.

"உள்ள ஒண்ணுமே இல்லியே, எதுக்கும்மா ஓட்டறே? மோட்டார் எரிஞ்சிடப் போவுது."