ஓடும் பேருந்தில் நான் வைத்த தீ

மகளுக்கு நாளை அறிவியல் பரீட்சை. மின்சுற்று எனக்கே புரியாது என்பதால், இன்று லஸ்ஸிலிருந்து தி.நகர் போகும் பேருந்தில் உட்கார்ந்து போனில் படித்தேன். படித்தது ஓர் இணையதளத்தில். திரையில் பேட்டரி, வயர், பல்பு எல்லாம் இருக்கும். விரலால் இழுத்து நாமே இணைத்துப் பார்க்கலாம்.

ஆழ்வார்பேட்டை தாண்டியதும் ஓர் ஆசை. பல்பை எடுத்துவிட்டு, பேட்டரியின் இரண்டு முனையையும் வெறும் வயரால் இணைத்தேன். திரையில் குப்பென்று தீ.

"ஐயோ, தீப்பிடிச்சிடுச்சு!" என்று கத்திவிட்டேன்.

டிரைவர் பிரேக் அடித்தார். பாதி பேருந்து எழுந்துவிட்டது. நான் அசடு வழியப் போனைக் காட்டினேன்.

"இன்னாம்மா, போன்ல பத்திக்கினதுக்கா வண்டிய நிறுத்த வச்ச?" என்றார் கண்டக்டர். பிறகு குனிந்து பார்த்தார். "ஆமா, ஏன் பத்திக்கிச்சு?"

"நடுவுல பல்பு இல்ல சார். தடுக்க எதுவும் இல்லாம கரண்ட் கன்னாபின்னான்னு பாயுது. அதான் சூடாகி எரியுது. இதுதான் ஷார்ட் சர்க்யூட்."

நேற்று மகள் இதையே கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. இன்று ஒரு பேருந்துக்கே சொல்லிவிட்டேன்.

அந்த இணையதளத்தை இலவசமாகச் செய்து வைத்தவர்களுக்கும், திட்டிய கையோடு கேள்வியும் கேட்ட கண்டக்டருக்கும் நன்றி.

அந்தப் பேருந்தில் வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் மன்னித்துவிடுங்கள். ஆனால், ஷார்ட் சர்க்யூட் இனி உங்களுக்கும் மறக்காது, இல்லையா?