வறுவல் அக்காவின் வண்டி

பள்ளி வேன் ஓட்டும் அவளுக்கு மற்ற ஓட்டுநர்கள் வைத்த பெயர் வறுவல் அக்கா. தாவர எண்ணெயிலிருந்து செய்த பயோடீசலை ஊற்றத் தொடங்கியதிலிருந்து அவள் வண்டியின் பின்னால் அடுப்படி வாசம் வந்தது.

"அக்கா, ரெண்டு தட்டு வறுவல் எடுத்து வை!"

"வைக்கிறேன். தொட்டுக்க உன் வண்டிப் புகை போதுமா?"

கணவர் போக்குவரத்துக் காவலர். நாற்சந்தியில் நின்றுவிட்டு வருபவரின் கைக்குட்டை கரித்துணியாக இருக்கும். ஊரார் விடும் புகையை நான் ஏன் துவைக்க வேண்டும் என்பதுதான் அவள் வழக்கு. பயோடீசலிலும் புகை உண்டு, கரி குறைவு. அந்தக் குறைவுக்காகவே மல்லுக்கு நின்றாள்.

"வண்டி வழியில நின்னா ரூட் உனக்கில்ல" என்று பள்ளி மேலாளர் எச்சரித்திருந்தார்.

நின்றது. பிள்ளைகளோடு, கணவரின் சந்தி நடுவிலேயே.

"ஏம்மா, ஊர்ல வேற இடமே கிடைக்கலையா?"

"விசிலை வச்சுட்டு வந்து தள்ளுங்க!"

ஓரங்கட்டியதும் இன்னொரு வேன்காரர் தலையை நீட்டினார். "நேரம் சரியில்லக்கா. டீசலுக்கே திரும்பிடு."

"நேரத்தைக் கழட்டிப் பார்க்க முடியாது. ஃபில்டரைப் பார்க்கலாம்."

ஃபில்டர் முழுக்கக் கருங்களி. பழைய டீசல் டாங்கியில் படியவிட்ட கசடைப் பயோடீசல் கரைத்துக்கொண்டு வந்து அடைத்திருந்தது. முதல் டாங்கி தீர்ந்ததும் ஃபில்டரை மாற்றச் சொல்லியிருந்தார் எண்ணெய் விற்றவர். என் வண்டியை எனக்குத் தெரியாதா என்று இருந்துவிட்டாள். வண்டியில் கிடந்த புது ஃபில்டரை மாட்டி, கைப்பம்பை அடித்து எண்ணெய்க் குழாயிலிருந்த காற்றை வெளியேற்றியதும் வண்டி உறுமியது.

மேலாளரின் மேசையில் பழைய ஃபில்டரை வைத்தாள். "மாத்தாதது என் தப்பு, சார். திட்டுங்க. ஆனா கசடு பழைய டீசலோடது."

"டீசல் போடு. இல்லேன்னா ரூட்டை விடு."

"ரூட் உங்களது, எடுத்துக்குங்க. வண்டி என்னுது. அதுல என்ன ஊத்தணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன்."

ரூட் போயிற்று. மருத்துவமனைச் செவிலியரை ஏற்றிச் செல்லும் வேலை கிடைத்தது. ஒரு காலை, அதே சந்தியில் புகைப் பரிசோதனை. பள்ளி அமர்த்திய புது ஆளின் வேன் கரும்புகையோடு அவள் பின்னால் வந்தது. கணவர் அவளைப் போகச் சொல்லிவிட்டு அதைத் தடுத்தார்.

அவள் வண்டியை அணைத்துவிட்டு இறங்கிக் கணவரிடம் போனாள்.

"முதல்ல என் வண்டியைச் சோதிங்க, சார். பொண்டாட்டிக்குச் சலுகைன்னு ஒரு பய சொல்லக் கூடாது. அப்புறம் அவனை விடாதீங்க."