சூடு மிதித்த நாளில் வாக்களிப்பு

என் நாட்குறிப்பில் அன்றைய பக்கம் இப்படித் தொடங்குகிறது: “1947 ஆவணி. முதலாவது பாராளுமன்றத்துக்கான வாக்களிப்பு நாள். காலை 5.40, புளியந்தீவுத் துறை. காற்று இல்லை.” அரசாங்க சபைத் தேர்தல்களை நகரத்தில் பார்த்து எழுதிய பத்திரிகைக்காரன் நான். வாவிக்கு மேற்கே, படுவான்கரை வயல்காரர் எப்படி வாக்களிக்கிறார்கள் என்று பார்த்ததில்லை. அதற்காகவே போனேன்.

தோணிக் கூலி ஆளுக்குப் பத்துச் சதம். இந்தத் தேர்தலில் வாக்காளர் எதையும் எழுத வேண்டியதில்லை என்பதை வாசகர் அறிவர். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறம், ஒரு பெட்டி. மறைவுக்குள் போய், விரும்பிய நிறப் பெட்டிக்குள் சீட்டைப் போட்டால் போதும். அந்தத் தொகுதியில் போட்டி மஞ்சளுக்கும் நீலத்துக்கும். தோணியிலும் இரண்டும் இருந்தன. மஞ்சள் துண்டு கட்டியவர் அணியத்தில் இருந்தார். நீலக் கடதாசிப் பூக்காரர் நால்வர் பின்னால் இருந்தார்கள். ஒருவரோடொருவர் பேசவில்லை.

“நீலமெல்லாம் ஒரு பக்கம் குவியாதங்க. வாக்குப் போட முந்தித் தோணி கவுண்டிரும்” என்றார் தோணிக்காரர். எவரும் சிரிக்கவில்லை. ஒருவர் மட்டும் எழுந்து இடம் மாறி உட்கார்ந்தார்.

அக்கரையில் ஒரேயொரு மாட்டுக் கரத்தைதான் நின்றது. மற்ற வண்டிகளையெல்லாம் அப்பகுதிப் பெரிய நிலக்காரரான போடியார் முதல்நாளே பிடித்துவிட்டார். நின்றது காத்தான்குடி மீராலெவ்வையின் வண்டி. போய்வர மூன்று ரூபாய் பேசினோம். வாக்குச்சாவடியான பள்ளிக்கூடம் பன்னிரண்டு கட்டை, அதாவது பன்னிரண்டு மைல் தூரம் என்றார். ஒன்பதாம் கட்டையில், உன்னிச்சைக் குளத்து நீர் பாயும் வயல்வெளியான வட்டையில், வைக்கோல் விலை பேச இறங்க வேண்டும் என்றும் சொன்னார்.

“வெள்ளெனப் போயிருவம் ஐயா. கச்சான் காத்து எழும்பினா மாடு மூஞ்சியக் கிறுகிப் போடும்.”

பத்தரை மணிக்கு வட்டையை அடைந்தபோது அங்கே சூடு மிதித்துக்கொண்டிருந்தார்கள். வெட்டிக் குவித்த கதிரைக் களவெட்டியில் பரப்பி, எருமைகளைச் சுற்றிவர ஓட்டி மிதிப்பிக்கிறார்கள். பதினொரு ஆண்கள். வாக்களிப்பு நாளில் சூடு மிதிப்பா என்று வியந்தேன். மீராலெவ்வை பார்வையைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: “நாள் பார்த்தது போடியார். மறுகா என்ன கேள்வி?”

அவ்வட்டையின் ஒழுங்கு இது. காலையில் களவெட்டிக்குள் கால் வைத்தவர் பொலி தூற்றி முடியுமட்டும், அதாவது பொழுதுபடும் வரை, வெளியே வரக்கூடாது. செருப்போடு நுழையக்கூடாது. உள்ளே கடுஞ்சொல் பேசக்கூடாது. பெண்கள் வேலிக்கு உள்ளே வரவே கூடாது. நீல வேட்பாளர் வயல் குத்தகைக்கு எழுத்துப் பத்திரம் வேண்டும் என்று பேசியவர். களத்தில் நின்ற பதினொருவரும் நீலம் என்பது ஊரறிந்தது. போடியார் மஞ்சள். ஒரு சொல்லும் மிரட்டாமல், ஒழுங்கைக் கொண்டே அவர்களைக் கட்டிப்போட்டிருந்தார். வெளியேறுகிறவனுக்கு வரும் போகத்தில் அந்த வட்டையில் வேலையில்லை.

வேலையாட்களுக்குத் தலைவரான முல்லைக்காரர் சாமித்தம்பி, நாற்பத்தைந்து வயதிருக்கும், வேலியோரம் வந்து என்னோடு பேசினார்.

“ரவுணில எல்லாரும் போடுறாங்களா ஐயா?”

“போடுகிறார்கள்.”

“நல்லம்” என்றார். பிறகு எருமைகளின் பின்னால் போய்விட்டார்.

வைக்கோல் விலை படிந்தபோது இரண்டு மணியாகிவிட்டது. அப்போதுதான் பெண்கள் சோற்றுப் பெட்டிகளோடு வந்து வேலிக்கு வெளியே இறக்கினார்கள். ஏழு பேர். முன்னால் வந்தவர் சாமித்தம்பியின் மனைவி தங்கப்பிள்ளை. பெட்டியை இறக்கியவர் நேரே வண்டியடிக்கு வந்து, முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கும் முறையில் மீராலெவ்வையை அழைத்தார்.

“காக்கா, இந்த வண்டில் பள்ளிக்கூடத்தடிக்கா போகுது?”

“ஓம் புள்ள. ஐயாவக் கொண்டு போறன்.”

“எங்களையும் ஏத்துங்க. ஆம்பிளையளத்தானே கட்டிவச்சிரிக்கி. எங்கள ஒருத்தரும் கட்டல்லியே.”

மீராலெவ்வை தலைப்பாகையை அவிழ்த்து மீண்டும் கட்டினார். “வைக்கோல் போடியார்ட, புள்ள. எனக்கும் சீவியம் இரிக்கி.”

“அப்ப ஐயாவக் கேக்கன்.”

நான் எந்த நிறத்துக்கும் ஆளில்லை. பார்க்க வந்தவன். ஆனாலும் அன்றைய கூலி என்னுடையது. “ஏறுங்கள்” என்றேன். அதற்கு மேல் யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

களவெட்டிக்குள் சாமித்தம்பி நின்றுவிட்டார். “நீ போனா போடியார் அறிவார்” என்றார், மெதுவாக.

“அறியட்டும்.”

“வட்டை போயிரும்.”

“வட்டை போனா வீடு போகாது. வீடு என்ட.”

அது உண்மை. மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்கு. மணமகன்தான் அங்கே வந்து குடியிருப்பவன். ஆனால் வீட்டில் உலை ஏறுவது வட்டை நெல்லில். அதுவும் இருவருக்கும் தெரியும். கணவருக்கு வந்த கோபத்தை நான் கண்டேன். களவெட்டிக்குள் நின்று ஏச முடியாது. ஏசுவதற்கு வெளியே வரவும் முடியாது. அவர் பிரம்பை ஓங்கி, ஒரு பாவமும் அறியாத எருமையின் முதுகில் போட்டார்.

ஒரு கட்டை போயிருப்போம். வாய்க்காலுக்குக் குறுக்கே கிடக்க வேண்டிய பலகைகளைக் காணவில்லை. கரையில் ஒருவன் குந்தியிருந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தான்.

“பலகை எங்க தம்பி?” என்று மீராலெவ்வை கேட்டார்.

“உக்கிப்போச்சி காக்கா. நாளைக்குப் போடுவம்.”

“நேத்து நான் வரக்குள்ள நல்லாத்தானே இரிந்திச்சி?”

“உக்கிறதுக்கு எவ்வளவு நேரம்?” என்றான் அவன், என்னைப் பார்த்துக்கொண்டு.

தங்கப்பிள்ளை முதலில் இறங்கினார். சீலையை முழங்காலுக்கு மேல் வரிந்து கட்டி வாய்க்காலுக்குள் கால் வைத்தார். இடுப்பளவு நீர். ஒருவர்பின் ஒருவராக ஏழு பேரும் கடந்தார்கள். நானும் நாட்குறிப்பைத் தலைமேல் பிடித்துக் கடந்தேன். மீராலெவ்வை வண்டியோடு பின்கரையிலேயே நின்றுவிட்டார். மீதி இரண்டு கட்டையும் நடை. கச்சான் எழும்பிவிட்டது. மேற்கேயிருந்து அனல் முகத்தில் அடித்தது. பின்னால் யாராவது வருகிறார்களா என்று அடிக்கடி திரும்பிப் பார்த்தது நான்தான்.

வாக்குச்சாவடி ஓர் அரைச்சுவர்ப் பள்ளிக்கூடம். உள்ளே போக எனக்கு அனுமதியில்லை. சுவருக்கு வெளியே நின்றேன். எல்லாம் தெரிந்தது, எல்லாம் கேட்டது. மஞ்சளின் ஏஜண்டாக உட்கார்ந்திருந்தவர் போடியாரின் மருமகன். ஈரச் சீலையோடு வந்த ஏழு பெண்களையும் கண்டதும் எழுந்து நின்றார்.

முதலாவது பெண் தன் பெயர் பொன்னம்மா என்றார். “இந்தப் பேரில வாக்காளர் இடாப்பில நாலு பேர் இரிக்கி. எந்தப் பொன்னம்மா எண்டு கேளுங்க” என்றார் மருமகன்.

தலைமை அதிகாரி நகரத்து இளைஞர். “கணவன் பெயர் என்ன?” என்று கேட்டார்.

பொன்னம்மா சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். கணவன் பெயரைச் சொல்லும் வழக்கம் அங்கே எந்தப் பெண்ணுக்கும் இல்லை. அதிகாரி மறுபடி கேட்டார்.

“புரிசன்ட பேரே தெரியாதவளுக்கு வாக்கெதுக்கு?” என்றார் மருமகன்.

“பெயரைச் சொல்லாவிட்டால் சீட்டுத் தர முடியாது, அம்மா.”

சுவர் மணிக்கூட்டில் நான்கு மணி ஐந்து நிமிடம். ஐந்து மணிக்குக் கதவு மூடப்படும். பெண்கள் தரையைப் பார்த்து நின்றார்கள். திரும்பிப் போய்விடுவார்கள் என்றே எண்ணினேன்.

“ஐயா” என்றார் தங்கப்பிள்ளை. “அவட மனிசன்ட பேர நான் சொல்லுவன். ஏரம்பு. அவட ஆளத்தானே அவ சொல்லப்படாது. எனக்கென்ன?”

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். மருமகன் எதிர்த்தார். “பெயரை யார் வாயால் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தந்த அறிவுறுத்தலில் இல்லை” என்றார் அதிகாரி. பொன்னம்மாவுக்குச் சீட்டுக் கிடைத்தது. மருமகன் மற்ற ஒவ்வொருவரிடமும் அதே கேள்வியைக் கேட்கவைத்தார். அடுத்தவளின் கணவன் பெயரை அவளுக்குப் பின்னால் நின்றவள் சொன்னாள். அவளுடையதை அவளுக்குப் பின்னால் நின்றவள். வரிசை நகர்ந்தது. வாக்களித்தவர்கள் மறுவாசலால் வெளியேறினார்கள். காவலர் எவரையும் திரும்ப விடவில்லை.

கடைசியில் தங்கப்பிள்ளை தனியே நின்றார். பின்னால் ஒருவரும் இல்லை.

மருமகன் சாய்ந்து உட்கார்ந்தார். “என்னக்கா, ஆளில்லையா? எங்கட முல்லைக்காரன்ட பேர் எனக்குத் தெரியாதா? நான் சொல்லட்டா? மாமாட்டயும் போய்ச் சொல்லுறன், முல்லைக்காரன்ட வீட்டுக்காரிக்கு நான்தான் சீட்டு வாங்கிக் குடுத்தன் எண்டு.”

“நீ சொன்னா அது உன்ட வாக்கு” என்றார் தங்கப்பிள்ளை. பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பினார். தொண்டையைச் செருமினார். “சாமித்தம்பி” என்றார். அரைச்சுவருக்கு வெளியே நின்ற எனக்குக் கேட்கும்படி சொன்னார். அதிகாரி உடனே எழுதவில்லை. “கந்தன் மகன் சாமித்தம்பி. எழுதுங்க மனே.”

வெளியே வந்தவர் கிணற்றடிக்குப் போய் வாய் கொப்பளித்தார், மும்முறை. மற்றப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். “அவர்ட பேரச் சொல்லிற்றியாகா?” என்று பொன்னம்மா கேட்டார்.

“ஒருத்தியும் அவருக்குப் போய்ச் சொல்லப்படாது. சொன்னா உங்கட ஆக்கள்ட பேரெல்லாம் சந்தையில நிண்டு கத்துவன்.”

அன்று முதல்முறையாகச் சிரித்தார்கள்.

மறுநாள் காலைத் தோணியில் நகரம் திரும்பினேன். நகரத்தில் எங்கள் தெருப் பெண்களிடம் எந்த அதிகாரியும் கணவன் பெயர் கேட்பதில்லை; எழுதுவினைஞருக்கு எங்களையெல்லாம் தெரியும். என் மனைவியும் என் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. அதை இதுவரை ஒரு செய்தியாகவே நான் எண்ணவில்லை.

தேர்தல் முடிவு எல்லோரும் அறிந்தது. இங்கே திரும்ப எழுத வேண்டியதில்லை. பெரும்போக விதைப்புக்குப் பின் மீராலெவ்வையைச் சந்தையில் கண்டேன். சாமித்தம்பி அதே வட்டையில் நிற்கிறார், தன் கண்ணால் கண்டேன் என்றார். அதே வாரம் உன்னிச்சையிலிருந்து வந்த நெல் வியாபாரி ஒருவர், அங்கே இப்போது வேறு முல்லைக்காரர், பெயர் தெரியாது என்றார். இருவரும் பொய் சொல்லக்கூடியவர்கள் அல்லர். நான் நேரில் போய்ப் பார்க்கவில்லை. ஆகவே, அந்தக் குடும்பத்துக்கு வட்டை மிஞ்சியதா என்பது இதை எழுதும் இன்றுவரை உறுதிசெய்யப்படவில்லை.