பம்ப் ஸ்விட்சில் தொங்கிய நூல்கண்டு

என் அண்ணன் ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கி அதிலேயே குடித்தனம் வைத்தபோது, பைத்தியம் சீக்கிரம் தெளிந்துவிடும் என்று நினைத்தோம். தெளியவில்லை. அண்ணியும் கூடவே போனாள், தையல் மெஷின், கம்ப்யூட்டர், துணியில் படம் அச்சடிக்கும் பிரிண்டர் சகிதம். படகுக்கு ஆகாத சுமை என்று அண்ணன் முணுமுணுத்தான். உன் தொப்பையைவிடக் குறைவுதான் என்றேன்.

அண்ணி துண்டுத்துணிப் போர்வை தைப்பவள். கேமராவில் எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் உடைத்து, நிறம் மாற்றி, துணியில் அச்சடித்து, வெட்டி, நடுவில் பஞ்சு வைத்துத் தைப்பாள். சாப்பிடும் பலகைதான் வெட்டும் மேஜை. சோற்றில் ஊசி கிடக்கிறது என்பான் அண்ணன். ஊசியில்தான் சோறு ஒட்டியிருக்கிறது என்பாள் இவள்.

படகில் எல்லாவற்றுக்கும் ஒரே பேட்டரி. அடியில் கசியும் தண்ணீரை வெளியேற்றும் பம்பும் அதில்தான் ஓட வேண்டும், மெஷினும் அதில்தான். இரண்டையும் சேர்த்துப் போட்டால் இரண்டுமே நின்றுவிடும். அதனால் தைக்க உட்காரும்போது பம்பை அணைத்துவிட்டு, ஸ்விட்சில் ஒரு சிவப்பு நூல்கண்டைத் தொங்கவிடுவாள். கண்டு தொங்கினால் பம்ப் ஓடவில்லை என்று அர்த்தம். எழுந்ததும் பம்பைப் போட்டுவிட்டுக் கண்டை எடுத்துவிடுவாள். கல்யாணமான நாள் முதல் அவர்கள் சண்டையில்லாமல் ஒத்துக்கொண்டது இது ஒன்றுதான்.

அந்தக் கடைசிப் போர்வை பெரியது. போன ஊர்களிலெல்லாம், படகிலிருந்து பார்க்கும்போது கரையில் தெரிந்த வெளிச்ச ஜன்னல்களைப் படமெடுத்து வைத்திருந்தாள். அத்தனை ஜன்னலையும் சேர்த்து ஒரே வீடாகத் தைத்தாள். நகரத்துக் கலைக்கூடம் அதைக் கண்காட்சிக்குக் கேட்டது. அண்ணனும் அண்ணியும் ஒரு பேச்சு வைத்துக்கொண்டார்கள். போர்வை அங்கே தொங்கினால் கரையில் ஒரு அறை எடுத்து, வருஷத்தில் பாதி அங்கே இருப்பது. தொங்காவிட்டால் மெஷினை இறக்கிவிட்டு நெடுங்கடலுக்குக் கிளம்புவது. அவள் அந்த அறைக்காகத் தவம் கிடந்தாள்.

ஓரம் மடித்துத் தைக்கும் நாளில் படகு எங்கள் ஊர்க் கரையில்தான் கட்டியிருந்தது. ஒரு சாண் பாக்கியிருக்கும்போது மெஷினில் சிவப்பு நூல் தீர்ந்தது. கை நீட்டி, ஸ்விட்சில் தொங்கிய கண்டை எடுத்தாள். தைத்து முடித்தாள். போர்வையைச் சுருட்டிப் படுக்கைக்கு அடியில் வைத்துவிட்டு, தலைகால் புரியாமல் என் வீட்டுக்கு ஓடிவந்தாள். அண்ணன் படகைப் பூட்டுமுன் ஸ்விட்சைப் பார்த்தான். கண்டு இல்லை, பம்ப் ஓடுகிறது என்று நிம்மதியாக அவனும் வந்துவிட்டான். சந்தோஷத்தில் இருவரையும் நான்தான் போகவிடாமல் தங்க வைத்தேன். விடிய விடிய மழை.

மறுநாள் நானும் கூடப் போனேன். உள்ளே முழங்கால் அளவுக்குத் தண்ணீர், மேலே எண்ணெய். போர்வையை அண்ணன் தூக்கினான். பஞ்செல்லாம் தண்ணீரைக் குடித்து, ஒரு ஆளைத் தூக்குவதுபோல் கனத்தது. சாயம் கலங்கி ஜன்னல்கள் எல்லாம் ஒரே அழுக்கு நிறம். கம்ப்யூட்டரும், படங்களின் நகல் வைத்திருந்த டிஸ்க்கும் அதே படுக்கைக்கு அடியில்தான் இருந்தன. படகில் வேறு எங்கே இடம்?

யார் யாரைத் திட்டப்போகிறார்கள் என்று நான் காத்திருந்தேன். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அண்ணன் கெஞ்சுகிற குரலில் சொன்னான்.

"ரூம் எடுத்துடலாம்மா. தொங்கலைன்னா என்ன, எடுத்துடலாம்."

"எடுத்து?"

"நீ திரும்பத் தைக்கலாம்."

"எதை வெச்சுங்க?" என்றாள். "அந்த ஊருக்கெல்லாம் திரும்பப் போய், அதே வீட்டுல லைட்டு போடச் சொல்லவா?"

நான் அழுதேன். அவள் அழவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பேச்சுப்படியே கிளம்பலாம் என்று அவள்தான் பிடிவாதம் பிடித்தாள். மெஷின் என் வீட்டுக்கு வந்தது. மேல் தட்டில் இருந்ததால் அது மட்டும் நனையவில்லை. அவர்கள் போன பிறகு என் வீட்டுக்காரர், சும்மாதானே கிடக்கிறது, திரைச்சீலைக்கு ஓரம் அடிக்கலாமே என்றார். மூடியைத் திறந்தேன். அந்தச் சிவப்புக் கண்டு மெஷின் தலையிலேயே இருந்தது. நூல் இன்னும் ஊசியில் கோத்தபடி இருந்தது. மூடிவிட்டு, திரைச்சீலையைக் கடையில் கொடுத்துத் தைத்துக்கொள்ளலாம் என்றேன்.