ஜாஃபர் பாயின் இருபது நிமிஷம்

செய்தி வந்தபோது தி. நகரில் ஒரு தோல் டாக்டரின் மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தேன். "ஜாஃபர் பாய் தவறிட்டார். ஹார்ட் அட்டாக்" என்று மட்டும் போனில் இருந்தது. மேலே போவதா, இறங்குவதா என்று தெரியாமல் பாதிப் படியில் மூன்று முறை ஏறி இறங்கினேன். இதை எழுதும்போதும் நாலு வரிக்கு ஒருமுறை எழுந்து நடக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் டாக்டர்களைப் பார்க்கப் போகும் மெடிக்கல் ரெப்புகள் எல்லாருக்கும் அவரைத் தெரியும். அவர் கம்பெனியும் சன்ஸ்கிரீன் விற்றது, என் கம்பெனியும் விற்றது. நியாயமாகப் பார்த்தால் நாங்கள் முறைத்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரே பெஞ்சில் காத்திருந்து காத்திருந்து சிநேகிதர்களாகிவிட்டோம்.

நான் விற்பேன், பூச மாட்டேன். அவர் பூசுவார். காலையிலும் மத்தியானமும் வண்டியை நிழலில் நிறுத்தி, இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி, முகம், கழுத்து, காது மடல் வரைக்கும் தடவி, இருபது நிமிஷம் உட்கார்ந்துவிடுவார். "உடனே வெயில்ல எறங்கினா பூசினது வேஸ்ட்டு நைனா. உட்காரு." எனக்கோ ஓர் இடத்தில் உட்கார வராது. வாட்சைப் பார்ப்பேன், சாவியைச் சுழற்றுவேன். "உனக்கு வெயிலால வயசாகல, பறக்கறதால ஆவுது" என்பார்.

மயிலாப்பூரில் ஒரு கிளினிக் எதிரே பூக்கட்டும் அக்கா ஒருநாள், "இன்னா பாய், அத்த பூசினா நான் செவப்பாயிடுவனா?" என்று கேட்டார். நானாக இருந்தால் தலையாட்டியிருப்பேன். அவர், "ஆவ மாட்டக்கா. கீற மூஞ்சி கீற மாதிரியே இன்னும் கொஞ்ச நாள் இருக்கும். சுருக்கம், கரும்புள்ளி லேட்டா வரும். அவ்ளோதான்" என்றார். "அப்ப இன்னாத்துக்கு?" என்று அந்த அக்கா சிரித்தார். ஆனாலும் சாம்பிள் டியூபை வாங்கிக்கொண்டார்.

கையில் மட்டும் அவர் பூச மாட்டார். "டாக்டருக்குக் கை குடுக்கணும். பிசுபிசுன்னு ஒட்டிச்சுன்னா நம்ம கிரீமே அப்படித்தான்னு முடிவு கட்டிடுவாரு." அதனால் முகத்துக்கு நாற்பது வயது, கைகளுக்கு அறுபது. கருத்து, சுருங்கி, புள்ளி விழுந்த கைகள். "பாய், ஆதார்ல எந்த வயச போட்டிருக்கீங்க, மூஞ்சியோடதா கையோடதா?" என்று கேலி செய்வேன். கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரிப்பார்.

சென்ற மாதம் அடையாற்றில் ஒரு வேப்பமரத்தடியில் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "உட்காரு நைனா, இருபது நிமிஷம். உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்." எனக்கு வேளச்சேரி டாக்டர் கிளம்பிவிடுவாரோ என்று பதற்றம். "போன்ல சொல்லுங்க பாய்" என்று வண்டியைக் கிளப்பிவிட்டேன். போனில் அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அவர் வீட்டில், உடலைச் சுற்றியிருந்த வெள்ளைக் கஃபன் துணிக்கு வெளியே முகம் மட்டும் தெரிந்தது. "வயசே தெரியல, தூங்கற மாதிரி இருக்காரு" என்று யாரோ சொன்னார்கள். எனக்குக் கோபமாக வந்தது. நான் பார்க்க நினைத்தது அந்தக் கைகளை. அவை துணிக்குள் இருந்தன.

வாசலில் அவர் மகள் என்னிடம் வந்தாள். "அங்கிள், அத்தாவுக்கு ஒரு மாசமா நெஞ்சு அடைச்சிட்டே இருந்துச்சு. டாக்டரைப் பாருங்கன்னு சண்டை போட்டேன். 'எல்லா டாக்டருக்கும் நான் ரெப்பு. பேஷண்ட்டா போய் நிக்கக் கூச்சமா இருக்கு. அவனைத் துணைக்குக் கூட்டிக்கினு போறேன்'னாரு. உங்களைத்தான் சொன்னாரு. உங்ககிட்ட சொல்லலையா?"

"சொல்ல வந்தாரும்மா" என்றேன்.

இப்போது நானும் பூசுகிறேன். கைக்கும் சேர்த்து, டாக்டர்கள் என்ன நினைத்தாலும் சரி. பூசிவிட்டு உட்காருகிறேன். கால் ஆடிக்கொண்டே இருக்கிறது. ஏழாவது நிமிஷத்திலேயே கிளம்பிவிடத் தோன்றுகிறது. கிளம்புவதில்லை. ஜாஃபர் பாயிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்த இருபது நிமிஷம்தான். உங்களில் யாருக்காவது என்னிடம் ஒன்று சொல்ல வேண்டுமென்றால் வாருங்கள், உட்கார்ந்துதான் இருப்பேன்.